தாய்மாமன் என்று அச்சிடுவதற்கு முன்

ஆத்தூர்,
12.8.2024

மரியாதைக்குரிய ஷாஹுல் ஹமீது அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முன்பின் அறியாத ஒரு பெண்ணின் கையெழுத்தைக் கண்டு தாங்கள் நெற்றியைச் சுருக்க வேண்டாம். சேலம் மாவட்டம் ஆத்தூரில் சாக்கு மண்டி வைத்திருந்த மர்ஹூம் அப்துல் கறீம் அவர்களின் மகள் மஸ்தான் பீவி எழுதுகிறேன். தைப்பிங் நகரில் உணவகம் ஒன்றில் பணிபுரியும் ஷஹ்பாஸ், என் சிற்றப்பாவின் பேரன். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து அவன் தங்களிடம் பேச்சுக் கொடுத்தபோது, "ஆத்தூர்" என்ற சொல்லைக் கேட்டதும் தாங்கள் அவன் கையைப் பற்றிக்கொண்டு கால்மணி நேரம் விடவில்லையாமே. தங்களுக்குக் காது மந்தம் என்பதால் அவன் கூவிக் கூவிப் பேச, பள்ளிவாசல் முழுவதும் நம் குடும்ப வரலாற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டதாம். தொலைபேசி தங்களுக்குப் பயன்படாது என்று அவன் வருந்தினான். எனக்கு வருத்தமில்லை. எழுதித் திருத்திப் பின் படியெடுத்து அனுப்பும் சொல்லே எனக்குச் சொல்.

தங்கள் தந்தை காதர் மொய்தீன் அவர்களும் என் தந்தையும் ஒரே பாட்டனாரின் பேரர்கள். ஆனால் இக்கடிதத்தின் காரணம் அதைவிட நெருக்கமானது. 1958ஆம் ஆண்டு தங்கள் தாயார் பிரசவத்தில் காலமானார். அப்போது தலைப்பிள்ளையை மடியில் வைத்திருந்த என் தாய் ரஹ்மத் பீவி, தாயை இழந்த அப்பிள்ளைக்கும் சேர்த்துப் பால் கொடுத்தார். மூன்று ஆண்டுகள் கழித்துத் தங்கள் தந்தை மலாயாவுக்குக் கப்பலேறினார். பிறகு கடிதமும் நின்றுபோயிற்று. என் அண்ணன் ஐந்து வயதில் இறந்துவிட்டான். வேறு உடன்பிறப்பு எனக்கு இல்லை. "உனக்கு ஒரு அண்ணன் மலாயாவுல இருக்கான்டி. காதர் மவன். என் பாலக் குடிச்சவன்" என்று என் தாய் கண்மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

காதர் மொய்தீனின் மகன் என இன்று இருப்பவர் தாங்கள் ஒருவரே என்று ஷஹ்பாஸ் விசாரித்துச் சொல்கிறான். ஒரு தாயின் பாலைக் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள் என்பது நம் மார்க்கத்தின் விதி, தாங்களும் அறிவீர்கள். ஆகவே அறுபத்து மூன்று வயதில் எனக்கு ஓர் அண்ணன் கிடைத்திருக்கிறார். அவர் நலமாக உள்ளாரா, வேளைக்கு உண்கிறாரா என்று கேட்கும் உரிமையுடன் இதை எழுதுகிறேன்.

தங்கள் மறுமொழியை எதிர்நோக்கும்,
மஸ்தான் பீவி


தைப்பிங்,
10.9.2024

மரியாதைக்குரிய சகோதரி மஸ்தான் பீவி அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. எனக்குத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரைதான் படிப்பு. உங்கள் தமிழுக்குப் பதில் எழுதப் பயமாக இருந்தது. தாமதத்துக்கு அது ஒன்றே காரணம் இல்லை. "அண்ணன்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தைப் படிப்பதும் மடித்து வைப்பதுமாக நாள் போய்விட்டது.

நான் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்து நான்கு ஆண்டு ஆகிறது. இரண்டு மகன்கள் கோலாலம்பூரில். மாதம் ஒரு முறை வந்து கத்திப் பேசிவிட்டுப் போவார்கள். வேளைக்குப் பசியாறுகிறேன். கவலைப்படாதீர்கள்.

என் தாயாரின் முகம் எனக்கு நினைவில்லை. படமும் கிடையாது. அவர்களை அடக்கம் செய்த மண்ணையாவது ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. அந்த ஊரில் யாரைப் போய்க் கேட்பது என்று தெரியாமல் இருந்தேன். ஜனவரியில் வரலாமா? விடுதியில் அறை எடுத்துத் தங்கிக்கொள்வேன். உங்களுக்குச் சிரமம் தரமாட்டேன்.

இப்படிக்கு,
கா. ஷாஹுல் ஹமீது


ஆத்தூர்,
8.10.2024

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் முழுவதும் நன்று. "விடுதி" என்ற ஒரு சொல்லை மட்டும் நான் அடித்துவிட்டேன், தாங்களும் அடித்துவிடுங்கள். என் தாயின் பாலைக் குடித்தவர் ஆத்தூர் வந்து பேருந்து நிலையத்தருகே அறை எடுத்துத் தங்கினார் என்றால் நான் எந்த முகத்துடன் கடைத்தெருவுக்குப் போவேன்?

இவ்வீட்டில் நானும் என் மகள் அஃபீபாவும் மட்டுமே இருக்கிறோம். என் கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே தாங்கள் வரும் செய்தி தங்களுக்கு முன்பே தெருவை வந்தடைந்தது. எதிர்வீட்டு நிகத், என்னை அண்ணி முறையில் மச்சி என்று அழைப்பவள், நேற்று மாலை சர்க்கரை கடன் கேட்கும் பாவனையில் வந்தாள்.

"மலேசியாவுல இருந்து யாரோ ஆம்பளை வந்து தங்கப் போறாங்களாமே, மச்சி?"

"யாரோ இல்லை. என் அண்ணன்."

"ரெண்டு விட்ட முறையில அண்ணன்னு வாயால கூப்பிடலாம் மச்சி. முக்காடு போடாம நிக்கலாமா? வயசுப் பொண்ணு வேற இருக்குது."

"அவர் எங்கம்மா பாலைக் குடிச்சவர், நிகத். எனக்கும் என் மகளுக்கும் அவர் முன்னாடி முக்காடு தேவையில்லை. வேணும்னா ஹஸரத்தைக் கேட்டுட்டு வா."

அவள் கேட்டுவிட்டும் வந்தாள். பள்ளிவாசல் ஹஸரத், "பால்குடி உறவென்றால் சொந்த அண்ணனேதான்" என்று கூறி அனுப்பிவிட்டார். சர்க்கரையை மறந்துவிட்டாள். ஆக, தெருவறிய என் சொல்லைக் கொடுத்திருக்கிறேன். தாங்கள் தயக்கமின்றி வரலாம்.

திருச்சி விமான நிலையத்திற்கு வாகனம் அனுப்புகிறேன். ஜனவரியில் காலைக் குளிர் கடுமை. கம்பளிச் சட்டை ஒன்று கொண்டு வரவும். பரிசுப் பொருள் எதுவும் வேண்டாம். கேட்காமல் கொண்டு வருவதானால், அஃபீபாவுக்கு அங்கு விற்கும் நல்ல பேனா ஒன்று போதும்.

அன்புடன்,
தங்கள் தங்கை மஸ்தான் பீவி


தைப்பிங்,
18.2.2025

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். சுகமாக வந்து சேர்ந்தேன். பன்னிரண்டு நாள் உங்கள் வீட்டுச் சாப்பாடு, இங்கே என் இடுப்புக்கச்சையில் இன்னும் தெரிகிறது.

என் பெரியப்பா மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் மரவள்ளிக் கிழங்கை மட்டுமே தின்று உயிர் பிழைத்தவர். அதனால் எங்கள் வீட்டில் கிழங்குக்கு ஆயுள் தடை. நான் வந்து இறங்கினால் ஊரே கிழங்கு. வண்டி வண்டியாகக் கிழங்கு, ஆலைக்களம் முழுக்க ஜவ்வரிசி, நீங்கள் முதல் நாள் இலையில் வைத்ததும் கிழங்கு. பெரியப்பா மேலே இருந்து பார்த்திருந்தால் என்னைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார். மூன்றாம் தடவை நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அடக்கத்தலத்தில் காவல் இருக்கும் அந்தப் பெரியவர் "மேற்கு மதிலோரம், மூணாவது வரிசை, இதுக்குள்ள ஏதோ ஒண்ணு" என்று கையைக் காட்டினார். அதற்கு மேல் துல்லியம் கிடைக்காது என்று நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். எனக்கு அது போதும், சகோதரி. ஒரு வரிசைக்கு முழுக்க துஆ செய்தால் அதில் என் தாயாரும் இருப்பார்கள்.

திரும்பும்போது பேருந்து நிலையத்தில் நீங்கள் என் தலையில் கை வைத்தீர்கள். நான் சரியாக எதுவும் சொல்லாமல் வண்டியேறிவிட்டேன். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. எழுதலாம் என்று உட்கார்ந்தாலும் வரவில்லை. அஃபீபாவுக்கு என் சலாம்.

இப்படிக்கு,
ஷாஹுல் ஹமீது


ஆத்தூர்,
6.4.2025

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி கழிந்தது. தாங்கள் எழுத வராமல் விட்டது எதுவாயினும் அவசரமில்லை. அதைவிட முதன்மையான செய்தி என்னிடம் இருக்கிறது.

அஃபீபாவுக்குத் திருமணம் உறுதியாகிவிட்டது. மாப்பிள்ளை இராசிபுரம். மருந்துக்கடை வைத்திருக்கிறார். பேச்சில் நிதானம் உண்டு. என் கடிதமொன்றைப் படிக்கக் கொடுத்தேன், பிழை எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ்.

உறுதி பேச வந்தபோது மாப்பிள்ளையின் பெரியம்மா சபையில் கேட்டார்: "எல்லாம் சரிங்க. பொண்ணுக்குத் தாய்மாமன் யாருங்க?"

இக்கேள்வியை நான் அறிவேன். அஃபீபாவுக்குக் காது குத்தியபோதும் கேட்டார்கள், பூப்பெய்தியபோதும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் என் கணவரின் தங்கை வீட்டுக்காரர் எழுந்து நின்று அவ்விடத்தை நிரப்பினார். இம்முறை நான் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "தைப்பிங்கில் இருக்கிறார். வருவார்" என்றேன்.

நம் குடும்ப வழக்கம் தங்களுக்குத் தெரியாது, ஆகையால் எழுதுகிறேன். தாய்மாமன் மணமகளின் கையைப் பிடித்து அழைத்து வந்து பெண்கள் மேடையில் அமர்த்த வேண்டும். முதல் மாலை அவருடையது. அழைப்பிதழில் பெற்றோர் பெயருக்குக் கீழே "தாய்மாமன்" என்று அவர் பெயரை அச்சிடுவோம். ஆகஸ்ட் மாதத்தில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். தங்கள் பெயருக்கு முன் என்ன பட்டம் போட வேண்டும் என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

மகிழ்ச்சியுடன்,
தங்கள் தங்கை மஸ்தான் பீவி


தைப்பிங்,
5.5.2025

மரியாதைக்குரிய மஸ்தான் பீவி அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இந்தக் கடிதத்தை நான் முதல் கடிதமாகவே எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் தாயாரின் பாலைக் குடித்தது நான் இல்லை. என் தம்பி சலீம்.

என் தாயார் இறந்தது சலீமைப் பெற்றபோது. நான் அப்போது நடக்கிற பிள்ளை. எங்களை இங்கு கூட்டி வந்த பின் எங்கள் அத்தா பலமுறை சொல்லியிருக்கிறார், "ஆத்தூர்ல ஒரு புண்ணியவதி உன் தம்பிய வளத்துக் குடுத்தா" என்று. என்னைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. சலீம் பதினோரு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அதனால்தான் ஷஹ்பாஸுக்கு நான் ஒரே மகனாகத் தெரிந்தேன். உங்கள் தாயார் சொன்ன "காதர் மவன்" அவன்தான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். சின்ன வயதில் நாங்கள் சண்டை போட்டால் சலீம் கடைசியாக ஒன்று சொல்வான்: "எனக்கு ஆத்தூர்ல ஒரு அம்மா இருக்காங்க. உனக்குத்தான் யாரும் இல்ல." அவன் போன பிறகும் அது போகவில்லை. அவன் மேல் பொறாமையாகவே இருந்தேன். அப்புறம் உங்கள் கடிதம் வந்தது. அவனுக்கு வர வேண்டிய கடிதம். பெயர் மட்டும் என் பெயர். திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

விடுதியில் தங்கிவிட்டால் பாவம் குறையும் என்று நினைத்தேன். நீங்கள் அதையும் அடித்துவிட்டீர்கள். ஒரு தகாத எண்ணமும் இல்லாமல் இருந்தேன், அல்லாஹ் அறிவான். ஆனால் உங்கள் மகளின் கையைப் பிடித்து நான் மேடைக்கு அழைத்து வர முடியாது. எனக்கு அந்த உரிமை இல்லை. அழைப்பிதழில் என் பெயர் வேண்டாம்.

மன்னிப்புக் கேட்கக்கூட இனி எந்த உறவைச் சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை.

ஷாஹுல் ஹமீது


ஆத்தூர்,
2.6.2025

ஷாஹுல் ஹமீது அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதை அஃபீபாவுக்கும் படிக்கக் கொடுத்தேன். அவளும் தங்களுக்கு முன் பன்னிரண்டு நாட்கள் முக்காடின்றி நடமாடியவள். அறியும் உரிமை அவளுக்கு உண்டு.

ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். பிறகு கற்றதெல்லாம் கிளை நூலகத்தில் நானே தேடிக் கற்றது. "அவ சொன்னா சரியா இருக்கும்" என்று இத்தெருவில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அதைத் தவிர என்னிடம் வேறு சொத்து இல்லை. அதை எடுத்துத் தங்களுக்காக வைத்தேன். பேருந்து நிலையத்தில் நாலு பேர் பார்க்கத் தங்கள் தலையில் கை வைத்து வழியனுப்பினேன். அந்தக் கையை இப்போது நான் என்ன செய்யட்டும்?

ஹஸரத்திடம் சென்று நடந்ததைக் கூறினேன். அறியாமல் நடந்ததற்குக் குற்றமில்லை, அறிந்த பிறகு ஒதுங்கியிருப்பதே கடமை என்றார். வரும் வழியில் நிகத்தின் வீட்டுக்கும் சென்றேன். நான் சொன்னது தவறு, அவர் எனக்கு அண்ணன் அல்லர் என்று கூறிவிட்டேன். அவள் கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். "உட்காருங்க மச்சி, தண்ணி குடிங்க" என்றாள். கேலியே மேல்.

தம்பியின் மேல் தாங்கள் கொண்ட பொறாமை எனக்குப் புரியவில்லை என்று பொய் எழுத மாட்டேன். புரிகிறது. ஆனால் உடனே மன்னிக்க எனக்குத் தெரியவில்லை. இதற்கு மறுமொழி எழுத வேண்டாம்.

மஸ்தான் பீவி


ஆத்தூர்,
24.6.2025

ஷாஹுல் ஹமீது அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எழுத வேண்டாம் என்று எழுதியவளே மீண்டும் எழுதுகிறேன். காரணம் கீழே.

ஹஸரத் அன்று இன்னொன்றும் சொல்லியிருந்தார். சினத்தில் அதைத் தங்களுக்கு எழுதாமல் விட்டேன். "அந்தக் காலத்தை நேரில் கண்டவர் யாராவது இருந்தால் விசாரியுங்கள். பிள்ளைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் பால் கொடுத்திருந்தால்தான் கணக்கு" என்றார். இரண்டு வாரம் அதை மனத்தில் ஒதுக்கி வைத்தேன். பிறகு ஒதுக்க முடியவில்லை. அந்நாளில் எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் இருந்தவர் முத்தாயம்மாள். மணமாகி வந்த புதிதில் என் தாய்க்கு அவரே துணை. இப்போது எண்பத்து மூன்று வயது. பனமரத்துப்பட்டியில் மகன் கதிர்வேல் வீட்டில் இருக்கிறார். சேலம் சென்று, அங்கிருந்து வேறு பேருந்து மாறி, போன வியாழக்கிழமை அவர் முன் போய் நின்றேன்.

கண் மங்கல். நினைவு மங்கவில்லை. என் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"சாக்கு மண்டி பாய் பொண்ணுதானே? மூக்கு அப்படியே ரஹ்மத்து மூக்கு."

நலம் விசாரித்த பின் கேட்டேன்: "காதர் மொய்தீன் மகனுக்கு எங்கம்மா பால் குடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்குதாம்மா?"

"எவனுக்கு? சின்னவனுக்கா, பெரியவனுக்கா?"

அவர் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன். பிறகு, "பெரியவனுக்கும் குடுத்தாங்களா?" என்றேன்.

"குடுக்காம? ஆனா உங்க ஊட்டுல வெச்சு இல்ல, சாமி. உங்கப்பனைப் பெத்த கெழவி காவல் இருக்குமே. 'கைப்புள்ளைக்குக் குடு, வேணாங்கல. இட்டிலி திங்கிற பயலுக்கு எதுக்குடி பாலு? என் பேரனுக்குப் பத்தாமப் போயிரும்'னு ஒரே சத்தம். உங்கம்மா பதில் பேச மாட்டா. 'முத்தாயி, உங்க கல்லு நல்லா ஆட்டுது'ன்னு அரிசியத் தூக்கிக்கிட்டு எங்க பொறக்கடைக்கு வந்துருவா. பெரியவன் அவ சீலையப் புடிச்சுக்கிட்டே வருவான். நான் மாவாட்டுவேன். அவ ஒக்காந்து அவனுக்குப் பால் குடுப்பா. தாய் செத்து எட்டாம் நாள் அன்னிக்கு ஆரம்பிச்சது, பொங்கல் தாண்டி ஓடுச்சு."

"நல்லாத் தெரியுமாம்மா? பெரியவன்தானா?"

"ஏங்கண்ணு, கைப்புள்ளைக்குப் பல்லு இருக்குமா? அவன் கடிச்சு வெச்சுருவான், இவ அய்யோன்னு கத்துவா, கத்துனா சுவத்துக்கு அந்தாண்ட கேட்டுப்போயிருமேன்னு நான் கல்லக் கடகடன்னு சுத்துவேன். ஒரு நாளு கெழவி கேட்டுச்சு, 'ஏன்டி ரஹ்மத்து, அரப்படி அரிசியா அரமூட்டையா'ன்னு. இன்னிக்கு நெனச்சாலும் சிரிப்பு வருது."

அவர் சிரித்தார். கதிர்வேலும் சிரித்தார். நான் கேட்டேன், "கெழவி இறந்த பின்னாடியாவது எங்கம்மா இதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"எப்படிச் சொல்லுவா? உங்கண்ணன் அஞ்சு வயசுல போய்ச் சேந்தானே, அப்ப கெழவி ஒரு வார்த்தை சொல்லிருச்சு. 'தாய்ப்பாலு வயிறாரக் கெடைச்சிருந்தா புள்ள தேறியிருக்கும்'னு. காய்ச்சல்ல போன புள்ளைக்கு அஞ்சு வருசத்துக்கு முந்தின பாலு என்ன பண்ணும்? கெழவிக்குத் துக்கம், சொல்லிருச்சு. உங்கம்மா அதை உள்ள வாங்கிக்கிட்டா. ஊரறியக் குடுத்த புள்ளையப் பத்தி மட்டும்தான் அப்புறம் வாயத் தொறந்தா. மத்தவனப் பத்தி எங்கிட்டக்கூடப் பேசமாட்டா."

திரும்பி வரும் பேருந்தில் நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து நடத்துநர், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். என் தாயை நான் முழுவதும் அறிவேன் என்று அறுபது ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

முத்தாயம்மாளின் சொல்லில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முன்பும் ஒருமுறை ஐயமின்றி இருந்து ஏமாந்தவள் நான். ஆகவே ஒன்று தேவை. தாங்கள் பிறந்த தேதி, தம்பி சலீம் பிறந்த தேதி. நினைவிலிருந்து வேண்டாம், தாளிலிருந்து வேண்டும். தாயார் மறைந்த எட்டாம் நாளில் தங்களுக்கு இரண்டு வயது நிறைந்திருந்ததா, இல்லையா? இதற்கு விடை தெரியும்வரை நான் தங்களை எப்படியும் அழைக்கமாட்டேன்.

மஸ்தான் பீவி


தைப்பிங்,
14.7.2025

மஸ்தான் பீவி அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். எங்கள் அத்தா 1961இல் எங்களோடு வந்து இறங்கிய பழைய கடவுச்சீட்டு என்னிடம் இருக்கிறது. அதில் எங்கள் இருவர் பெயரும் பிறந்த தேதியும் மையால் எழுதியிருக்கிறது. நகல் எடுத்து இணைத்திருக்கிறேன். பெரிய மகனை உருப்பெருக்கி வைத்துப் படிக்கச் சொன்னேன். பிறகு நானும் படித்தேன். பிறகு கடைக்காரரையும் படிக்கச் சொன்னேன்.

நான்: 3 மார்ச் 1957.
சலீம்: 11 நவம்பர் 1958.

தாயார் மறைந்தது சலீம் பிறந்த அன்றே. எட்டாம் நாள் எனக்கு இருபது மாதமும் பதினாறு நாளும். பிறைக் கணக்கில் பார்த்தால் இருபத்தொரு மாதம் தாண்டிச் சில நாள். இங்குள்ள இமாமிடமும் காட்டினேன். அவர் விரல் விட்டு எண்ணினார். பொங்கல்வரை வைத்துக்கொண்டாலும் இரண்டு வயதுக்கு உள்ளேதான் வருகிறது என்றார்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று மாலை சலீமின் அடக்கத்தலத்துக்குப் போனேன். நான் மெதுவாகப் பேசுவதாக நினைத்துத்தான் பேசினேன். பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஆள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு சத்தம் போட்டிருக்கிறேன். அவனிடம் சொல்ல ஒன்றுதான் இருந்தது. "நானும் குடிச்சிருக்கேன்டா" என்றேன்.

கடித்ததற்கு உங்கள் தாயாரிடம் மன்னிப்புக் கேட்க வழி இல்லை. மறைத்ததற்கு உங்களிடம் கேட்கிறேன். தருவதும் தராததும் உங்கள் இஷ்டம். எனக்கு உங்களை என்ன சொல்லி அழைப்பது என்று நீங்களே எழுதுங்கள்.

ஷாஹுல் ஹமீது


ஆத்தூர்,
8.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடவுச்சீட்டின் நகலை வைத்துக்கொண்டு நானும் எண்ணினேன், அஃபீபாவும் எண்ணினாள். அவள் கைபேசியில் எண்ணி முடித்து, "அம்மா, மாமுதான்" என்றாள். பின் சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரம் தேய்க்கும் ஓசை நெடுநேரம் கேட்டது. தேய்க்கப் பாத்திரம் எதுவும் இல்லை. ஹஸரத் முத்தாயம்மாளை நேரில் கேட்க வேண்டும் என்றார். அவரையும் பனமரத்துப்பட்டிக்கு அழைத்துச் சென்றேன். முத்தாயம்மாள் அவரிடமும் அந்தக் கடித்த கதையை நடித்தே காட்டினார். ஹஸரத் தாடியைத் தடவியபடி, "உங்கள் மனம் தெளிந்ததல்லவா? அதன்படி நடந்துகொள்ளுங்கள்" என்றார்.

தெளிந்துவிட்டது, அண்ணா. இந்த இரண்டு மாதங்களில் முதல்முறையாக நேற்று விடியற்காலை சுபுஹு பாங்கு சொல்லும்வரை தூங்கினேன்.

மன்னிப்பைப் பற்றி ஒன்று. தாங்கள் மறைத்தது தவறு. அதில் மாற்றமில்லை. ஆனால் தாங்கள் பொய் என்று நம்பிச் சுமந்த அந்த உறவு, தங்களுக்கே தெரியாமல் உண்மையாக இருந்திருக்கிறது. இதற்கு என்ன தண்டனை என்று நான் படித்த எந்த நூலிலும் இல்லை. ஆகவே நானே விதிக்கிறேன். நிக்காஹுக்குப் பத்து நாட்கள் முன்னதாக வந்துவிட வேண்டும். சமையற்காரரோடு விலை பேசுவது, பந்தல்காரரை விரட்டுவது, இராசிபுரத்துப் பெரியம்மாவின் கேள்விகளுக்கு விடை சொல்வது ஆகியவை தங்கள் பொறுப்பு. காது கேட்காதது கடைசி வேலைக்கு மிகவும் உதவும்.

சலீமுக்காக இங்கே யாசீன் ஓதினோம். அவனும் எனக்கு அண்ணன்தான். அவன் முகத்தை அறிந்தவர் தாங்கள் ஒருவரே. வரும்போது படம் இருந்தால் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் அவன் எப்படி இருந்தான் என்று உட்கார்ந்து சொல்லுங்கள்.

நேற்று மாலை நிகத் வந்தாள். இம்முறை சர்க்கரை கேட்கவில்லை. கையில் கிண்ணமே இல்லை.

"கல்யாணத்துக்கு மலேசியாக்காரர் வர்றாராமே. அவரு யாரு மச்சி இப்ப?"

"என் அண்ணன்."

"போன வருசம் அண்ணன்னீங்க. ரெண்டு மாசம் முன்னாடி இல்லைன்னீங்க. இப்ப மறுபடியும் அண்ணன்ங்கிறீங்க."

"முதல்ல எங்கம்மா சொன்னதை வெச்சுச் சொன்னேன். அப்புறம் அவர் சொன்னதை வெச்சுச் சொன்னேன். இப்ப நானே விசாரிச்சுச் சொல்றேன்."

"இன்னொரு தடவை மாறுமா? நான் நாலு பேருக்குச் சொல்லணும், அதான் கேக்கறேன்."

"மாறாது, நிகத். பத்திரிகை அச்சுக்குப் போயிடுச்சு."

தங்கள் தங்கை,
மஸ்தான் பீவி